எங்கள் ஜீப்பில் ஒயர்லெஸ் மாட்டியது எதற்காக?

எங்கள் ஜீப்பின் கூரை நடுவில் அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பி நிற்கிறது. பயிற்சி முகாமுக்கு வருகிற தம்பி தங்கைகள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான். "அக்கா, இது எஃப்எம்முக்கா?" இல்லை. பேசவும் கேட்கவும் முடிகிற விஎச்எஃப் ரேடியோவின் ஆண்டெனா அது. ஆளுக்கு இரண்டு செல்போன் இருக்கிற காலத்தில் இது எதற்கு, யார் மாட்டினார்கள், நாமும் மாட்டலாமா என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

கஜாவிலிருந்து தொடங்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அந்தப் புயல் கரையேறியது. மின்கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. மின்சாரம் போனதும் செல்போன் டவர்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. கடலோரத்திலிருந்து உள்ளே இருக்கிற பல ஊர்களுக்கு நாள்கணக்கில் வெளியுலகத் தொடர்பே இல்லை. நிவாரண லாரிகள் மெயின் ரோட்டில் வந்தன. மெயின் ரோட்டில் யார் வீடு இருக்கிறதோ அவர்கள் கைகாட்டினார்கள், லாரி நின்றது, பொருள் இறங்கியது. ஒரு கிலோமீட்டர் உள்ளே, வாய்க்காலைத் தாண்டி, விழுந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த நம் தெருக்களுக்கு லாரி சத்தம் மட்டும் கேட்டது.

இதில் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் சமூகவியல் பாடத்தில் இல்லாதது. நிவாரணப் பட்டியலில் எழுதப்படுவது வருவாய்க் கிராமத்தின் பெயர். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் ஊர்த்தெரு, காலனி, கீழத்தெரு, இன்னொரு காலனி என்று நான்கைந்து குடியிருப்புகள் இருக்கும். ஊர்த்தெருவில் அரிசி மூட்டை இறங்கினாலே பட்டியலில் அந்தக் கிராமத்துக்கு நேரே டிக் விழுந்துவிடும். காலனி அந்த டிக்குக்குள் மறைந்துபோகும். யாரும் வேண்டுமென்று ஒதுக்கினார்கள் என்று நிரூபிக்கக்கூடத் தேவையில்லை. காகிதமே அந்த வேலையைச் செய்துவிடும். வேண்டுமென்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள், அது வேறு. 2004 சுனாமியிலும் இதைப் பார்த்தோம். படகும் வலையும் இழந்தவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. உப்பளத்திலும் வயலிலும் கூலி வேலை பார்த்தவர்களுக்குக் கணக்கே இல்லை. கஜாவில் தென்னை மரம் வைத்திருந்தவருக்கு மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் கிடைத்தது. அந்த மரத்தில் ஏறிக் காய் பறித்துப் பிழைத்தவர் எந்தப் படிவத்தில் வருவார்?

எங்கள் குழு அப்போது இரண்டு வண்டிகளோடு சுற்றியது. ஒரு காலனியில் கைக்குழந்தைகளோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பள்ளிக் கட்டடத்தில் இருக்கிறார்கள் என்ற செய்தியை, தாசில்தார் அலுவலகத்துக்கு வெளியே நின்றிருந்த எங்கள் அடுத்த வண்டிக்குச் சேர்க்க ஒருவர் டூவீலரில் பதினான்கு கிலோமீட்டர் போய்வர வேண்டியிருந்தது. விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி ஒரு வழிக்கு மூன்று மணி நேரம். அந்த நாளில்தான் ரேடியோ என்ற எண்ணம் வந்தது.

ஆனால் எண்ணம் வேர்விட்ட இடம் வேறு. முதுகலைப் படிப்பில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்தைப் படித்தபோது 1964 மிசிசிப்பி கோடைப் போராட்டம் பற்றி நிறைய வாசித்தேன். ஜூன் 21 அன்று ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் எரிக்கப்பட்ட ஒரு தேவாலயத்தைப் பார்த்துவரப் போனார்கள். வழியில் கைது செய்து சிறையில் வைத்தார்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை என்றதும் அலுவலகத்தில் இருந்தவர்கள் சுற்றுவட்டாரச் சிறைகளுக்கெல்லாம் போன் போட்டார்கள். அவர்களை அடைத்து வைத்திருந்த சிறையிலேயே 'இங்கே இல்லை' என்று பதில் வந்தது. இரவு பத்தரை மணி வாக்கில் விடுவித்து, சாலையில் துரத்திப் பிடித்துக் கொன்றார்கள். உடல்கள் ஆகஸ்ட் 4 அன்றுதான் கிடைத்தன.

அந்த இயக்கத்தின் பேச்சுகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது அவர்களுடைய போன் ஏற்பாடு. உள்ளூர் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார ஆபரேட்டர் வழியாகப் போகாமல் வெளியூருக்கு நேரே பேச மாதக் கட்டணத்தில் ஒரு தனி லைன் எடுத்தார்கள். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது போய்ச் சேர வேண்டும் என்று குறித்து வைத்தார்கள். மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவான 'ஸ்னிக்' தன் வண்டிகளிலும் அலுவலகங்களிலும் சிட்டிசன்ஸ் பேண்ட் எனப்படும் 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோக்களை மாட்டியது. லூசியானாவில் கறுப்பினத் தொழிலாளர்கள் அமைத்த 'டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ்' என்ற தற்காப்பு அமைப்பும் இரவு ரோந்தில் இப்படிப்பட்ட ரேடியோக்களைப் பயன்படுத்தியது. அந்த அலைவரிசைக்கு ஆண்டெனா இரண்டரை மீட்டருக்கு மேல் நீளும். அதை மாட்டிய வண்டி தூரத்திலிருந்தே தெரியும், எதிரிக்கும்தான். தெரிந்தேதான் மாட்டினார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்ததும் 'நாமும் வன்கொடுமை நடந்த ஊருக்குக் கள ஆய்வு போகும்போது ரேடியோவில் பேசிக்கொள்ளலாம்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். நாங்கள் மாட்டியிருப்பது அமெச்சூர் ரேடியோ, 'ஹாம்' என்பார்கள். அதற்கு ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை தேர்வு வைத்து உரிமம் தருகிறது. பன்னிரண்டு வயது நிறைந்தவர் எழுதலாம். முதல் நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேவையில்லை; அடிப்படை மின்னணுவியலும் விதிகளும்தான் பாடம். இந்த உரிமம் தனிநபருக்கானது. அமைப்பு வேலைக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தக் கூடாது, சங்கேத மொழியில் பேசக் கூடாது. பேரிடர் காலத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காகச் செய்தி அனுப்பலாம். மேலும், அது திறந்த அலைவரிசை. பெட்டி வைத்திருக்கிற எவரும் கேட்கலாம். சாட்சியின் பெயர், பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர், நாம் போகும் வழி எதுவும் அதில் வரவே கூடாது. உரிமம் இல்லாமல் பெட்டி வைத்திருந்தால் அதுவே ஒரு வழக்கு. நம்மீது போட வழக்கு தேடுகிறவர்களுக்கு நாமே ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

வாகனத்தில் வைத்து இயக்க உரிமத்தில் இடமிருக்கிறதா, எத்தனை வாட் வரை என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். பெட்டி 50 வாட் வரை போகும். குறைத்து வைக்க அதிலேயே பொத்தான் உண்டு.

இனி வயரிங்.

எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர்தான் கூட இருந்து மாட்டினார். நம் தெருக்காரர், ஐடிஐ படித்தவர். பதினைந்து வருடம் வேறொருவர் பட்டறையில் ஒயர் இழுத்துவிட்டு இப்போது சொந்தமாகக் கடை போட்டிருக்கிறார். பெட்டியின் கையேட்டை நான் வாசித்துச் சொல்ல, அவர் "சரிதான், சரிதான்" என்று கேட்டுவிட்டு, கடைசியில் கையேட்டில் இல்லாத நான்கு விஷயங்களைச் சொன்னார். பட்டப்படிப்புக்காரர்கள் பட்டறையில் வாயை மூடிக்கொண்டு நிற்பது நல்லது.

முதல் கேள்வி, மின்சாரம் எங்கிருந்து எடுப்பது? டேஷ்போர்டில் சிகரெட் லைட்டர் சாக்கெட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதில் செருகத்தான் எல்லோருக்கும் தோன்றும். செருகக் கூடாது. 50 வாட் பெட்டி பேசும்போது 10 முதல் 12 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தச் சாக்கெட்டுக்குப் போகிற ஒயர் போன் சார்ஜருக்குப் போதும், இதற்குப் போதாது. போதாக்குறைக்கு இன்ஜின் சாவியை அணைத்தால் பல வண்டிகளில் சாக்கெட்டும் செத்துவிடும். டீசல் தீர்ந்து நிற்கிற நேரத்தில்தானே பேச வேண்டியிருக்கும்! எனவே பேட்டரியிலிருந்து நேரே தனி லைன்.

ஒயர் தடிமன் பற்றி அண்ணன் ஒரு கணக்குச் சொன்னார், அதை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்கு நான்கு மீட்டர். போக வர எட்டு மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் 11 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். இன்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரியில் இருப்பதே பன்னிரண்டரை வோல்ட். பெட்டிக்குப் போய்ச் சேருவது 11க்குக் கீழே. இந்த வகைப் பெட்டிகளுக்கு 13.8 வோல்ட்டிலிருந்து பதினைந்து சதவீதம் வரைதான் ஏறி இறங்கலாம், அதாவது 11.7 வரை. அதற்குக் கீழே போனால் கேட்கும், ஆனால் மைக் பொத்தானை அழுத்தியதும் அணைந்துவிடும். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே. விலை வித்தியாசம் சில நூறு ரூபாய். எங்களுக்குத் தெரிந்த இன்னொரு குழு மெல்லிய ஒயரோடு ஒரு வருடம் ஓட்டிவிட்டு 'பெட்டி சரியில்லை' என்று விற்கப் பார்த்தது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

ஃபியூஸ் எங்கே போடுவது என்பதில் அண்ணன் கண்டிப்பானவர். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் போட்டால் அது பெட்டியைக் காக்கும், வண்டியைக் காக்காது. போனட்டிலிருந்து உள்ளே வருகிற வழியில் தகரத்தில் உரசி ஒயர் தோல் உரிந்தால், பேட்டரி மொத்தமும் அந்த ஒயர் வழியாகப் பாயும். ஒயர் சிவந்து, பிறகு வண்டி எரியும். அதனால்தான் தகரத்துளையில் ரப்பர் புஷ் போடாமல் ஒயர் நுழைக்கக் கூடாது. ஒயரைச் சைலன்சர் பக்கமோ ஸ்டியரிங் ராடு பக்கமோ கொண்டுபோகவும் கூடாது. பளிச்சென்ற புது டேப்பைவிட நெளிகுழாய்க்குள் ஒயரைப் போட்டு டை கட்டுவது மேல் என்றார். ஃபியூஸ் 20 ஆம்பியர் போட்டோம். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, எல்லாம் முடித்துக் கடைசியில்தான் அதை மாட்டினார். ஸ்பேனர் ஒரு பக்கம் பிளஸ்ஸிலும் இன்னொரு பக்கம் தகரத்திலும் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் கையில் ஒரு பழைய தழும்பு சாட்சி.

மைனஸ் ஒயரை எங்கள் பழைய ஜீப்பில் நேரே பேட்டரிக்குக் கொண்டுபோனோம். புது வண்டிகளில் மைனஸ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அப்படி இருந்தால் அதைத் தாண்டி, பேட்டரி மைனஸ் பாடியில் இணையும் இடத்தில் எர்த் எடுக்க வேண்டும். ஏர்பேக் இருக்கிற வண்டியில் அது விரியும் பாதையில் பெட்டியையோ மைக்கையோ மாட்டக் கூடாது. எங்கள் ஜீப்பில் ஏர்பேக்கா? சீட் பெல்ட் இருப்பதே பெரிது.

இன்ஜின் ஓடும்போது பேச்சோடு சேர்ந்து ஒரு ஊளைச் சத்தம் வந்தால் அது டைனமோவிலிருந்து வருவது. ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த சுருதி ஏறும். பேட்டரிக்கு நேரே லைன் எடுத்திருந்தாலே பாதி குறைந்துவிடும். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் இல்லை என்பதால் பெட்ரோல் வண்டியில் கேட்கும் படபட சத்தமும் இல்லை.

ஆண்டெனா கதை தனி. 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் இரண்டு மீட்டர் சொச்சம். அதில் கால்பங்கு, கொஞ்சம் குறைத்து, 49 சென்டிமீட்டர். ஆண்டெனாவின் இன்னொரு பாதியாக வேலை செய்வது கூரைத் தகரம். அதனால் பம்பரிலோ கதவோரத்திலோ வைக்காமல் கூரை நடுவில் வைத்தோம். கேபிள் 50 ஓம் கோயாக்ஸ்; வீட்டில் மிச்சமிருக்கும் டிஷ் டிவி கேபிள் 75 ஓம், அது வேண்டாம். ஆண்டெனா மாட்டாமல் மைக்கை அழுத்தினால் அனுப்பிய சக்தி திரும்பிப் பெட்டிக்குள்ளேயே வரும், பெட்டி பழுதாகும். எஸ்டபிள்யூஆர் மீட்டரை ஒரு மூத்த ஹாம் நண்பரிடம் இரவல் வாங்கி அளந்தோம். ஒன்றரைக்குக் கீழே வந்த பிறகுதான் முதல் அழைப்பு.

டெல்டா சமவெளியில் வாட்டைவிட உயரம்தான் பேசும். கூரை ஆண்டெனா தரையிலிருந்து இரண்டு மீட்டர். இப்படி இரண்டு வண்டிகள் என்றால் அலைகளின் தொடுவானம் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மறுமுனையில் பதினைந்து மீட்டர் உயரத்தில் ஒரு கம்பத்தில் ஆண்டெனா இருந்தால் அது ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோமீட்டர் ஆகிறது. நம் குடியிருப்புகள் பல எங்கே இருக்கின்றன? பள்ளத்தில். தண்ணீர் வடிகிற இடத்தில், ஊருக்குக் கிழக்கே, மேட்டுநிலம் எல்லாம் பங்குபோட்டு முடிந்த பிறகு மிஞ்சிய இடத்தில். வெள்ளம் முதலில் வருவதும் டவர் சிக்னல் கடைசியாக வருவதும் ஒரே இடத்துக்குத்தான். எனவே ஜீப்பைக் காலனிக்குள் நிறுத்திக் கூப்பிட்டுக் கிடைக்காவிட்டால், வாய்க்கால் கரை மேட்டுக்கு நூறடி ஏற்றிவிட்டுக் கூப்பிடுவோம். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

முதல் முறை பெட்டியைப் போட்டுக்கொண்டு ஒரு காலனிக்குள் போனபோது நடந்ததை எழுதாமல் விட முடியாது. ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம், தொடர்ந்து ஒரு குரல். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். திண்ணையில் இருந்த ஆயா, "போலீசு வண்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். ஒயர்லெஸ் கரகரப்பு என்றால் நம் தெருக்களுக்கு ஒரே பொருள்தான். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் காவல்துறை புகுந்து சூறையாடியதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். சேரிக்குள் வருகிற ரேடியோ எப்போதும் சேரியைப் பற்றி வேறு யாருக்கோ சொல்கிற ரேடியோவாகவே இருந்திருக்கிறது. அன்று நாங்கள் வேலையை ஒத்திவைத்துவிட்டு, பெட்டியின் சத்தத்தைக் குறைத்து, ஓடிப்போன பிள்ளைகளைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்துக் காட்டினோம், அனுப்பும் பொத்தானை அழுத்தாமல்தான். அவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆயா வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது.

சுனாமி வந்த நாளில் போர்ட் பிளேரில் அமெச்சூர் ரேடியோ முகாம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார் பாரதி பிரசாத். தொலைபேசிகள் அறுந்துபோக, அவரும் குழுவினரும் தீவுகளிலிருந்து வெளியே செய்தி அனுப்பினார்கள். இதைச் சொன்னால் பெண் பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்கிறார்கள். என் கவலை அடுத்த கட்டம் பற்றியது. புயல் நேரத்தில் வெளியூர் ஹாம் ஒருவர் வந்து நமக்காகப் பேசுவது நல்லதுதான், நன்றியோடு வரவேற்கலாம். ஆனால் அவருக்குக் காலனியின் பெயர் தெரியாது. ஊர்க்காரர் சொல்கிற பெயரைத்தான் சொல்வார். திரும்பவும் வருவாய்க் கிராமம், திரும்பவும் டிக்.

அதனால் பயிற்சியில் செய்தி சொல்லும் முறைக்கே அதிக நேரம் கொடுக்கிறோம். குடியிருப்பின் பெயர் முதலில். 'இன்ன ஊரும் சுற்றுப்புறமும்' என்று சொன்னால் நிறுத்திவிட்டுத் திரும்பச் சொல்லச் சொல்கிறோம். பிறகு எத்தனை பேர், அதில் கைக்குழந்தை எத்தனை, கர்ப்பிணிகள் எத்தனை. பாதை திறந்திருக்கிறதா, எந்தப் பக்கமாக வர வேண்டும். என்ன தேவை. சொன்ன நேரம். மறுமுனை அதை அப்படியே திருப்பி வாசிக்க வேண்டும், எழுதிக்கொண்ட நேரத்தோடு. நோட்டில் இரண்டு பக்கமும் பதிவாகிவிட்டால், 'அந்தப் பகுதியிலிருந்து தகவலே வரவில்லை' என்று பின்னால் எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. நிவாரணம் வருமா என்று ரேடியோ உத்தரவாதம் தராது. இன்ன நாள், இன்ன நேரம், இன்ன தெருவிலிருந்து கேட்டோம் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கும். மனு எழுதியவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

காலனிப் பெண் பிள்ளைகள் நான்கு பேர் இப்போது தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஓம் விதியை அவர்களுக்கு நடத்துவது நான் இல்லை, எலக்ட்ரீஷியன் அண்ணன்தான், ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகு, ஜீப் போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு. விதிகளை மட்டும் நான் நடத்துகிறேன். பக்கத்து மாவட்டங்களில் இருக்கிற தோழர்கள் பழைய பெட்டி வாங்கும் யோசனையில் இருந்தால், முதலில் உரிமத்துக்கு ஆள் தயார் செய்யுங்கள், பெட்டி அப்புறம். மழை தொடங்கும் முன் எங்களுக்கு ஒரு பதினைந்து மீட்டர் கம்பம் வேண்டும். பஞ்சாயத்தில் பழைய தெருவிளக்குக் கம்பம் ஒன்று சும்மா கிடக்கிறது, கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. அடுத்த கிராம சபையில் மறுபடி கேட்போம்.